சைலன்சர் வாங்கின கதை

நம்ம ஊர்ல வண்டிக்குப் பின்னாடி தொங்குற குழாய்க்கு ஒரே பேர்தான். சைலன்சர். மொபெட்டா இருந்தாலும் பத்து சக்கர லாரியா இருந்தாலும் இன்ஜின்லேர்ந்து வால் வரைக்கும் எல்லாமே சைலன்சர்தான். சத்தத்தை அடக்குறது அதோட வேலை, பேர்லயே இருக்கே. அப்பேர்ப்பட்ட சாமானை, சத்தம் வரணும்னு காசு கொடுத்து, அதுவும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா வாங்கின ஒரு புத்திசாலியோட கதை இது. புத்திசாலி வேற யாரும் இல்லீங்க, அடியேன்தான்.

கலிபோர்னியாவுல பொட்டி தட்டிப் பொழைக்கிறவன் நான். 2019ல ஒரு 2016 மாடல் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ் செகண்ட் ஹேண்டா வாங்கினேன். நீலக் கலர், மேனுவல் கியர், ரெண்டு லிட்டர் டர்போ இன்ஜின், 268 குதிரை. நாலு கதவு உண்டு, பின்னாடி குழந்தை சீட் போட இடம் உண்டு, நாலு சக்கரமும் இழுக்கறதால மழையில வழுக்காது. இந்தக் கடைசி மூணு பாயிண்டை மட்டும் சொல்லித்தான் தங்கமணிகிட்ட அனுமதி வாங்கினேன். வண்டி வீட்டுக்கு வந்த அன்னிக்கு அவங்க கேட்ட முதல் கேள்வி:

"பானட் மேல எதுக்குங்க இவ்ளோ பெரிய ஓட்டை?"

"அது இன்டர்கூலருக்குக் காத்து போற வழிம்மா. டர்போ அமுக்கின காத்து சூடாயிடும், அதைக் குளிர வைக்கணும்."

"ஓஹோ. மழை பெஞ்சா?"

அதுக்கு என்ன பதில் சொன்னேன்னு இப்ப ஞாபகமில்லை.

சுபாருன்னாலே ஒரு சத்தம் உண்டு. 1995ல கொலின் மெக்ரே உலக ராலி சாம்பியன் ஆன அந்த நீல இம்ப்ரெஸா வீடியோவை எப்பவாவது பாத்திருந்தீங்கன்னா தெரியும். மத்த வண்டி மாதிரி 'உர்ர்ர்'னு ஒரே சீரா வராது. 'டுகுடுகு... டுகு... டுகுடுகு'ன்னு கொஞ்சம் நொண்டி நொண்டி வரும். காலேஜ் ஹாஸ்டல்ல கம்ப்யூட்டர் கேம்ல அந்த வண்டியை ஓட்டினவன் நான். அந்தச் சத்தம் ஒரு நாள் நம்ம வீட்டு வாசல்ல கேக்கணும்னு பதினஞ்சு வருசக் கனவு. வண்டி வந்தாச்சு, சாவியைத் திருகினேன். தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அங்க ஆரம்பிச்சது எல்லாம்.



ஏன் வரலைன்னு தோண்டிப் பாத்தா காரணம் சுவாரசியமா இருந்தது. சுபாருவுல பாக்ஸர் இன்ஜின். நாலு சிலிண்டரும் நட்டுக்க நிக்காம, பக்கத்துக்கு ரெண்டா எதிரும் புதிருமா படுத்திருக்கும். பழைய டர்போ இன்ஜின்ல டர்போ ஒரு ஓரமா இருந்ததால, ஒரு பக்கத்துச் சிலிண்டர்களோட புகை சீக்கிரம் டர்போவுக்கு வந்துடும். மறுபக்கத்துப் புகை இன்ஜினுக்கு அடியில நீளமா சுத்திக்கிட்டு லேட்டா வரும். ரெண்டு குழாயும் சம நீளம் இல்லை. வெடி சீரா வெடிச்சாலும் புகை வந்து சேர்றது சீரா இல்லை. அந்த நொண்டித் தாளம்தான் அந்தக் காலத்து சுபாரு சத்தம்.

2015 மாடல் டபிள்யூ.ஆர்.எக்ஸ்ல புது இன்ஜின் போட்டாங்க. டர்போவை இன்ஜினுக்கு அடியில முன்பக்கம் கொண்டு வந்துட்டாங்க, குழாய் ரெண்டும் கிட்டத்தட்ட சம நீளம். டர்போ சீக்கிரம் முழிச்சுக்கும், இழுவை நல்லா இருக்கும். ஆனா நொண்டித் தாளம் போயே போச்சு. இன்ஜினியர்கள் பார்வையில அது ஒரு குறை, அதைச் சரி பண்ணிட்டாங்க. குறையைத்தான் நாம காதலிச்சோம்ங்கறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இதுல கத்துக்க வேண்டிய முதல் பாடம்: தாளம் முன்னாடியே தீர்மானமாயிடுது. பின்னாடி என்ன குழாய் மாட்டினாலும் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், குரலைக் கட்டையாக்கலாம், ஆனா தாளத்தை மாத்த முடியாது. என் வண்டிக்குப் பின் குழாயை மட்டும் மாத்தி மெக்ரே சத்தம் கொண்டு வரவே முடியாது. இது தெரிஞ்சும் நான் நிறுத்தலை. ஆசை வெக்கமறியாதுன்னு சும்மாவா சொன்னாங்க.

முன் குழாயையே மாத்தக்கூடாதான்னு கேப்பீங்க. சம நீளம் இல்லாத முன் குழாய் இந்த இன்ஜினுக்கும் கடையில கிடைக்குது. ஆனா டர்போ சீக்கிரம் முழிச்சுக்கிற சுகம் போயிடும். அதுக்கு மேல கலிபோர்னியா சட்டம் ஒண்ணு இருக்கு. இன்ஜின்லேர்ந்து போற வரிசையைச் சொல்லிடறேன்: முன் குழாய், டர்போ, அதுக்கப்புறம் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர், நடுக்குழாய், அதுல ரெசனேட்டர்னு ஒரு உருண்டை, கடைசியா மஃப்ளர், வால் முனை. கன்வர்ட்டர் வரைக்கும் எதை மாத்தினாலும் மாநில காற்று வாரியம் அனுமதி எண் கொடுத்த சாமானாத்தான் இருக்கணும். இல்லேன்னா புகைப் பரிசோதனையில மாட்டும். கன்வர்ட்டருக்குப் பின்னாடி உள்ளதுக்கு அந்தக் கெடுபிடி இல்லை, சத்தத்துக்கு மட்டும்தான் வரம்பு. என் மாதிரி வண்டிக்கு 95 டெசிபல். வண்டியை நிறுத்தி, வால் முனைக்குப் பக்கத்துல மைக் வெச்சு அளப்பாங்க. முன்னாடியெல்லாம் போலீஸ் பிடிச்சா 'சரி பண்ணிக் காட்டு, விட்டுடறோம்'னு ஒரு சீட்டு கொடுப்பாங்க. 2019 ஜனவரி 1ல அந்தச் சலுகையை எடுத்தாங்க. அப்ப நேரா அபராதம்னு ஆச்சு.

ஆக, சட்டத்துக்குப் பயந்தவன் கை வைக்கக் கூடிய இடம் கன்வர்ட்டருக்குப் பின்னாடி மட்டும். அங்க மாத்தினா எத்தனை குதிரை கூடும்? டர்போ வண்டியில உண்மையான அடைப்பு கன்வர்ட்டர் இருக்கற குழாய்லதான். அதுக்குப் பின்னாடி மாத்தறதுல கிடைக்கிறது சீட்ல உக்காந்து உணர முடியாத அளவு. நம்பாதவங்க நம்பாமலே போகட்டும், நானும் மொதல்ல நம்பலை.



சரி, சத்தத்துக்காகத்தான் வாங்கறோம்னு ஒத்துக்கிட்டு தேட ஆரம்பிச்சேன். ரெண்டு மாசம். ஆபீஸ்ல ஆணி புடுங்கற நேரம் போக மீதி நேரமெல்லாம் இதான். தெரிஞ்சுக்கிட்டதைச் சுருக்கமா சொல்றேன்.

குழாயோட விட்டம்: டர்போ வண்டிக்கு எல்லாரும் மூணு இஞ்ச் வாங்குன்னு சொல்லுவாங்க. ரெண்டரைக்கும் மூணுக்கும் அரை இஞ்ச்தானேன்னு நினைக்காதீங்க. வட்டத்தோட பரப்பு விட்டத்தோட வர்க்கத்துல போகும். கணக்குப் போட்டா மூணு இஞ்ச்ல 44 சதவீதம் இடம் அதிகம். புகைக்கு வழி கூடும், சத்தத்துக்கும் வழி கூடும்.

உலோகம்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு எல்லாருமே போடுவாங்க. 304ன்னு ஒரு ரகம், நிக்கலும் குரோமியமும் நிறைய, சுலபத்துல துரு பிடிக்காது. 409ன்னு ஒரு ரகம், விலை மலிவு, மேலாக்கத் துரு பிடிக்கும். காந்தம் வெச்சா தெரிஞ்சிடும். 409ல நல்லா ஒட்டும், 304ல ஒட்டாது. காசு இருக்கறவங்களுக்கு டைட்டானியம் இருக்கு, எடை பாதிக்குப் பக்கம்.

மஃப்ளர்: ரெண்டு ஜாதி. உள்ள அறை அறையா தடுத்து, சத்தத்தைச் செவத்துல மோதவிட்டு அடக்கறது ஒண்ணு. ஓட்டை போட்ட குழாயை நேரா விட்டு, சுத்திலும் கண்ணாடிப் பஞ்சு அடைச்சு வெக்கிறது இன்னொண்ணு. ரெண்டாவதுல புகை தடையில்லாம போகும். பஞ்சு மெல்லிய சத்தத்தை நல்லா உறிஞ்சும், கட்டைச் சத்தத்தை அவ்வளவா உறிஞ்சாது. இந்தக் கடைசி வரியை நான் படிச்சேன், ஆனா மண்டையில ஏத்திக்கலை. அதோட விலையைப் பின்னாடி கொடுத்தேன்.

புதுசு ஆயிரம் டாலருக்கு மேல. சான் ஹோசேல ஒரு பையன் அவன் வண்டியை விக்கறதுக்காக அவனோட மூணு இஞ்ச் குழாயைக் கழட்டி 600 டாலருக்குக் கொடுக்கறதா சொன்னான். ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த தஞ்சாவூர் பொம்மைக் காந்தத்தை எடுத்துக்கிட்டுப் போய் வெச்சுப் பாத்தேன். ஒட்டலை. பையன் என்னையும் பொம்மையையும் ஒரு மாதிரி பாத்தான். நேர்க்குழாய் மஃப்ளர், நடுவுல ரெசனேட்டர் கிடையாது. சத்தம் எப்படி இருக்கும்? அதான் போன்ல முப்பது வீடியோ பாத்தாச்சே!

இது ரெண்டாவது பாடம். போன்ல இருக்கற குட்டி ஸ்பீக்கருக்குக் கட்டைச் சத்தத்தைக் கொடுக்கவே வராது. வண்டிக்குள்ள உங்களைக் கொல்லப்போற சத்தம் எதுவோ, அதை மட்டும் விட்டுட்டு மீதியைத்தான் வீடியோவுல கேக்கறீங்க.

மாட்டின முதல் வாரம் சொர்க்கம். சுரங்கப்பாதை வந்தா கண்ணாடியை இறக்கி ரெண்டாவது கியர் போட்டு ஒரு மிதி. மெக்ரே இல்லேன்னாலும் மெக்ரேவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி அளவுக்கு வந்தது.

ரெண்டாவது வாரம் ஹைவே. 70 மைல் வேகம், ஆறாவது கியர், இன்ஜின் நிமிசத்துக்கு 2,550 சுத்து. காதுக்குள்ள யாரோ 'ம்ம்ம்ம்ம்ம்'னு விடாம முனகற மாதிரி ஒரு சத்தம். கணக்கு ரொம்ப சுலபம். நாலு சிலிண்டர் இன்ஜின்ல ஒரு சுத்துக்கு ரெண்டு வெடி. 2,550ஐ 60ஆல வகுத்து ரெண்டால பெருக்குங்க: 85 ஹெர்ட்ஸ். கட்டைக் குரல் ஆம்பளை ஒருத்தர் பேசற அடிச் சத்தம் அது. வண்டிக்குள்ள இருக்கற காத்து, கூரைத் தகடு எல்லாம் அதுகூடச் சேர்ந்து பாட ஆரம்பிச்சிடும். வேகத்தைக் கூட்டினா கொஞ்சம் குறையும், ஆனா டிக்கெட் வரும்.

தங்கமணி ஒண்ணும் சொல்லலை. தலைவலித் தைலம் ஒண்ணு வாங்கி வண்டியிலயே வெச்சுட்டாங்க. அது சொன்னதைவிட மோசம். நான் மட்டும் 'பழகிடும், பழகிடும்'னு மூணு வருசம் ஓட்டினேன்.



2023 கோடையில அப்பா வந்தாங்க. இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அப்பா நாமக்கல்ல லாரி டிரைவர். முப்பது வருசத்துக்கு மேல. முட்டை, ஜவ்வரிசி, வெங்காயம், எந்த லோடுன்னு இல்லை. அந்தக் காலத்து லாரியில இன்ஜின் கேபினுக்குள்ளயே, டிரைவருக்கு இடது பக்கம் ஒரு பெட்டி மாதிரி உக்காந்திருக்கும். ராத்திரிக் குளிருக்குக் கிளீனர் அது மேலயே படுத்துத் தூங்குவான். மீட்டர் எதுவும் வேலை செய்யாது. சத்தம்தான் மீட்டர். கியர் எப்ப மாத்தணும், லோடு எவ்வளவு ஏத்தலாம், ஆயில் எப்ப குறையுது, எல்லாம் அவருக்குச் சத்தத்துல தெரியும்.

ஏர்போர்ட் பார்க்கிங்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். கான்கிரீட் கூரைக்கு அடியில சத்தம் எப்படி இருக்கும்னு கேக்கணுமா. அப்பா பதறிட்டார்.

"ஏப்பா, சைலன்சர் ஓட்டையாயிருச்சாட்ட இருக்குது?"

"இல்லீங்கப்பா. இப்படித்தான் வேணும்னு வாங்கி மாட்டியிருக்கேன்."

"காசு கொடுத்தா? எவ்வளவு?"

சொன்னேன். அவர் மனசுக்குள்ள எண்பத்திரெண்டால பெருக்கறது முகத்துலயே தெரிஞ்சது.

"அம்பதாயிரமா! எங்கிட்ட சொல்லியிருந்தா நம்ம பட்டறையில ஒரு ஆணியில நாலு போடு போட்டு ஓட்டை பண்ணிக் கொடுத்திருப்பேனே சாமி."

தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிச்சதை நான் கண்ணாடியில பாத்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்குக் கிளம்பினோம். பாப்பாவுக்கு அப்ப அஞ்சு வயசு. அவ சீட் டிரைவருக்குப் பின்னாடி, தாத்தா அவளுக்கு வலப்பக்கம். சுனோல் பக்கத்து ஏத்தத்துல வண்டி அருமையா இழுக்கும், எனக்கு ரொம்பப் பிடிச்ச ரோடு. ஓட்டற சுகத்துல பின்னாடி என்ன நடக்குதுன்னு நான் கவனிக்கலை. கோயில் வாசல்ல இறங்கினதும் பாப்பா என் கையைப் பிடிச்சு ஒதுக்குப்புறமா இழுத்துக்கிட்டுப் போனா.

"அப்பா, தாத்தாவுக்கு என்னைப் பிடிக்கலையா?"

"ஏன்டா கண்ணு அப்படிக் கேக்கற?"

"தாத்தா லாரிக்கு என்ன பேருன்னு கேட்டேன். நாலு தடவை கேட்டேன். சும்மா சிரிக்கிறாங்க. ஆன்சரே பண்ண மாட்டேங்கறாங்க."

லாரி லாரின்னு ஒரு மாசமா அவகிட்ட கதை சொல்லி வெச்சிருந்தது நான்தான். தாத்தா வந்தா கேக்கறதுக்குன்னு கேள்வியெல்லாம் எண்ணி வெச்சிருந்தா.



அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்னு எங்களுக்குத் தெரியும். ஆனா வீட்ல ஓரளவுக்குப் பேசிக்கிட்டுத்தானே இருந்தார்? அன்னிக்கு ராத்திரி தங்கமணி அவர் கொண்டு வந்திருந்த மருத்துவ ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்து என் முன்னாடி வெச்சாங்க. ஊர்ல எடுத்த காது டெஸ்ட். ரெண்டு காதுக்கும் ரெண்டு கோடு. இடப்பக்கம், அதாவது கட்டைச் சத்தத்துக்கு, கோடு மேல ஓரளவு சமமா போகுது. 2,000 ஹெர்ட்ஸ் தாண்டினதும் கொல்லிமலைலேர்ந்து பள்ளத்துல உருண்ட மாதிரி விழுது. இடது காதுக் கோடு இன்னும் ஆழத்துல. இன்ஜின் பெட்டி எந்தப் பக்கம் இருந்ததுன்னு மேல சொல்லியிருக்கேன்.

சத்தத்தால கெட்டுப்போற காது இப்படித்தான் கெடும். மொதல்ல 3,000லேர்ந்து 6,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள மெல்லிய சத்தம் போகும். கட்டைச் சத்தம் ரொம்ப நாள் தங்கும். அமெரிக்காவுல தொழிலாளர் நலத்துக்கு ஆராய்ச்சி பண்ற அரசு நிறுவனம் சொல்ற கணக்கு: 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகணும். 88ல நாலு மணி, 91ல ரெண்டு, 94ல ஒரே மணி. நாமக்கல்லேர்ந்து வடக்க போற லாரியில யாரு அளந்தா, யாரு நேரம் பாத்தா?

மெல்லிய சத்தம் போனா என்ன ஆகும்? உயிரெழுத்து கேக்கும், மெய்யெழுத்து கேக்காது. 'தட்டு', 'கட்டு', 'பட்டு' மூணும் அவருக்கு ஒரே 'அட்டு'. யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. வாயசைவை வெச்சு, சந்தர்ப்பத்தை வெச்சு, ஊகத்துல ஓட்டறது. குழந்தைக் குரல் கீச்சுக் குரல் வேற. அமைதியான கூடத்துல எதிர்ல உக்காந்து பேசினா சமாளிச்சிடுவார். என் வண்டியில?

இங்கதான் அந்த 85 ஹெர்ட்ஸ் வருது. கட்டைச் சத்தம் பலமா இருந்தா அது தன்னைவிட மெல்லிய சத்தத்தையும் சேத்து அமுக்கிடும். நல்ல காது உள்ளவங்க அதைத் தாண்டிக் கேட்டுக்குவாங்க. அவருக்கு மிச்சமிருந்ததே கொஞ்சம், அதையும் நான் 600 டாலர் கொடுத்து வாங்கின முனகல் மூடிடுச்சு. போதாததுக்கு, குழந்தையை அவரோட கெட்ட காதுப் பக்கம் உக்கார வெச்சிருந்தேன். என் வண்டியோட சத்தம் முழுசா அவருக்குக் கேட்டது. பேத்தி கேட்டது மட்டும் கேக்கலை.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. மெக்ரேவும் வரலை.



மறுபடியும் சைலன்சர் தேட ஆரம்பிச்சேன். இந்தத் தடவை தேடின விதமே வேற.

போன்ல சத்தம் அளக்கற ஆப் ஒண்ணு போட்டேன். அதுல ஏ, சின்னு ரெண்டு அளவு இருக்கும். சட்டத்துல சொல்ற டெசிபல் எல்லாம் ஏ. அது மனுசக் காது மாதிரி கட்டைச் சத்தத்தைக் குறைச்சு மதிப்பிடும். 80 ஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 22 டெசிபலைக் கழிச்சிடும்! சி அளவு அப்படிக் கழிக்காது. அதனால ஏ அளவுல ரெண்டு வண்டியும் ஒண்ணு போலத் தெரியும், சியில பாத்தாத்தான் குட்டு வெளிப்படும். போன் காட்டற நம்பர் துல்லியம் இல்லேன்னாலும், ஒரே போனை ஒரே சீட்ல வெச்சு ரெண்டு வண்டியை ஒப்பிட்டுக்கலாம்.

அப்புறம் நண்பர்கள் வண்டியைக் கடன் கேட்டேன். ஓட்டறதுக்கு இல்லை. அவங்களை 70ல ஆறாவது கியர்ல ஓட்டச் சொல்லிட்டு, பின் சீட்ல வலது ஓரத்துல நான். பக்கத்துல தங்கமணி வார இதழ் ஒண்ணைச் சாதாரணக் குரல்ல படிப்பாங்க. அவங்க வாயைப் பாக்காம, எத்தனை வார்த்தை புரியுதுன்னு நான் எண்ணுவேன். நண்பர்கள் எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பிடிச்சது உண்மைதான், ஆனா முன்னாடி பிடிச்சிருந்த கிறுக்கைவிட இது தேவலை.

மூணு வழி தெரிஞ்சது. ஒண்ணு, முனகலை அடிக்கிற மாதிரி கணக்குப் போட்டுச் செஞ்ச முழுக் குழாய். ஒரு முனை மூடின கிளைக் குழாயை அலைநீளத்துல கால்வாசி நீளத்துக்கு வெச்சா, அந்தச் சத்தம் உள்ள போய்த் திரும்பி வந்து தன்னைத்தானே அழிச்சுக்கும். 85 ஹெர்ட்ஸுக்கு, சூடான புகையில கிட்டத்தட்ட 1.4 மீட்டர் நீளம் வேணும். அருமையான வேலை, ஆனா விலை கட்டுபடியாகலை. ரெண்டு, கம்பெனி கொடுத்த பழைய குழாயையே முழுசா மாட்டிக்கிறது. மூணு, ரெசனேட்டரோட கூடிய கம்பெனி நடுக்குழாயைத் திரும்ப மாட்டி, கடைசி மஃப்ளரை மட்டும் மாத்தறது. அறை வெச்ச ரகம், 304 ஸ்டீல், 500 டாலர்.

மூணாவதுக்குப் போனேன். முழுசா ஆசையை விட்டுட்டேன்னு சொன்னா பொய். ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு உறுமல், மிதிச்சா ஒரு குரல், ஹைவேல சும்மா இருக்கணும். அந்த மூணும் அதுல இருந்தது. பின் சீட்ல தங்கமணி படிச்சது முக்கால்வாசிக்கு மேல புரிஞ்சது.

அபார்ட்மெண்ட்ல வண்டிக்கு அடியில படுக்க விடமாட்டாங்க. ஃப்ரீமான்ட்ல நண்பர் வீட்டு வாசல்ல மாட்டினோம். முந்தின நாளே நட்டுக்கெல்லாம் எண்ணெய் விட்டு ஊற வெக்கச் சொன்னது அப்பா. ரப்பர் வளையம் கழட்ட நான் கடப்பாரையைத் தேட, "சோப்புத் தண்ணி கொண்டா" ஒரே வார்த்தை, வழுக்கிக்கிட்டு வந்துருச்சு. பழைய கேஸ்கெட்டையே போட்டுக்கலாம்னு நண்பர் சொன்னதுக்கு ஒரு முறை முறைச்சார்.

மாட்டி முடிச்சு வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும், வால் முனையை ஈரத் துணியால கொஞ்சம் அடைச்சுப் பிடிக்கச் சொன்னார். இணைப்புல ஒழுக்கு இருந்தா 'உஸ்'னு கேக்கும். அந்த 'உஸ்' அவருக்குக் கேக்காதுன்னு அந்த நேரத்துலதான் எனக்கு உறைச்சது. அவருக்குத் தெரியாதா என்ன. புறங்கையைத் தண்ணியில நனைச்சு, குழாய் சூடேறறதுக்கு முன்னாடி ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்துல கொண்டு போனார். இடப்பக்கம் ரெண்டாவது இணைப்புல நின்னார்.

"இங்க வருது பாரு. முறுக்கு."

ரெண்டு திருகு. நின்னுடுச்சு. காது நல்லா இருக்கற நாங்க ரெண்டு பேரும் அந்த 'உஸ்'ஸைக் கேக்கவே இல்லை.



அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி லிவர்மோர். குழந்தை சீட்டை இந்தப் பக்கம் மாத்தியாச்சு, தாத்தாவுக்கு நல்ல காதுப் பக்கம். சுனோல் ஏத்தத்துல நான் மிதிக்கலை. பின்னாடி காதை வெச்சிருந்தேன்.

"தாத்தா, உன் லாரிக்குப் பேர் என்ன?"

"என்ன கண்ணு?"

எனக்கு நெஞ்சு ஒரு நொடி நின்னுச்சு. பாப்பா கொஞ்சம் அவர் பக்கம் சாஞ்சு, "லாரிக்கு... பேர்... என்ன?"

"லாரிக்குப் பேரா! அங்காளம்மன்னு முன்னாடி பெருசா எழுதியிருக்கும். அது ஓனரு வெச்ச பேரு. தாத்தா வெச்ச பேரு ஒண்ணு இருக்குது, அது கேக்கறியா?"

கோயில் வர வரைக்கும் அந்தக் கதைதான். பாதிக் கேள்விக்கு "என்ன கண்ணு?" வந்தது. சைலன்சர் மாத்தினா காது திரும்பி வந்துடாது. காது மெஷின் பத்திப் பேச்செடுத்தா இன்னிக்கும் போன்ல பேச்சை மாத்திடறார், அது தனிப் போராட்டம். ஆனா ரெண்டாவது தடவை கேட்டா பதில் வந்தது.

இறங்கும்போது பானட்டை ஒரு தட்டு தட்டி அப்பா சொன்னார்: "ஓட்டையை அடைச்சது நல்லதாப் போச்சு. இப்பத்தான் வண்டி வண்டியாட்ட இருக்குது."

பழைய மூணு இஞ்ச் குழாயை 450 டாலருக்கு ஒரு காலேஜ் பையன்கிட்ட வித்தேன். அவனும் காந்தம் கொண்டு வந்திருந்தான். காசை வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "தம்பி, உன் வண்டியில பின் சீட்ல யாரு உக்காருவாங்க?"

யாரும் இல்லைன்னான். சரி, எடுத்துக்கோன்னு கொடுத்துட்டேன்.